இராட்டினத்திலும் படகிலும் சிங்கை

ஆண்டிறுதி நெருங்கிவிட்டால் தமிழ்ப்பள்ளிகளில் கல்விச் சுற்றுலாப் பேச்சு தொடங்கிவிடும். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ஆம் ஆண்டில் நீக்கப்பட்ட பின்னர் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இந்தக் காலத்தில் கொஞ்சம் ஓய்வும் கிடைக்கின்றது. வழக்கமாகக் கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரம், மலாக்கா, ஒரு நீர்ப்பூங்கா என்று பட்டியல் போடுவோம். இம்முறை பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நான் சிங்கப்பூரை முன்மொழிந்தேன். எங்கள் பள்ளி ஜொகூர் மாநிலத்தில், கடற்பாலத்திலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கோலாலம்பூரைவிடச் சிங்கை எங்களுக்கு மிக அருகில்.

எதிர்ப்பு வரும் என்று எனக்குத் தெரியும். பணத்தைப் பற்றித்தான் வரும் என்று எண்ணியிருந்தேன். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் கொடுக்க வேண்டிய காலம் இது. ஆனால், முதலில் எழுந்த தந்தை வேறொன்றைச் சொன்னார்.

"டீச்சர், நாங்க தினமும் போய் வர்ற ஊருதானே அது. பிள்ளைங்க பார்க்க அங்க என்ன இருக்கு? வேலைதான் இருக்கு."

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. சிங்கையில் பாதுகாவலராகப் பணி செய்பவர் அவர். பன்னிரண்டு மணி நேரப் பணி. அதிகாலை 4.30-க்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டால் வீடு திரும்ப இரவு மணி ஒன்பதைத் தாண்டிவிடும். ஆறாம் ஆண்டில் உள்ள 31 மாணவர்களில் 14 பேருக்குத் தாயோ தந்தையோ இப்படித்தான் பாலத்தைக் கடந்து சென்று வருகின்றனர். ஆயினும், அந்த 14 பேரில் சிங்கை நகரத்தை ஒருமுறையேனும் பார்த்திருந்தவர்கள் மூவர் மட்டுமே. இந்தக் கணக்கை நான் அந்தக் கூட்டத்தில் சொன்னேன். "உங்கள் பிள்ளைகளுக்கு அந்த ஊர், நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தின் பெயராக மட்டுமே இருக்கின்றது" என்றும் சொன்னேன். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பொருளாளர் கணக்கு நோட்டை எடுத்தார்.

கேளிக்கைப் பூங்கா வேண்டும் என்று சிலர் கேட்டனர். நான் இணங்கவில்லை. ஒரு நாளில் இரண்டே இடங்கள் போதும்: ஒன்று சிங்கப்பூர் ஃபிளையர் என்னும் இராட்டினம், மற்றொன்று சிங்கப்பூர் ஆற்றில் படகுப் பயணம். ஒரு நகரத்தை மேலிருந்து பார்த்துவிட்டு, அதே நகரத்தை அதன் ஆற்றின் மட்டத்திலிருந்து பார்ப்பதுதான் திட்டம். வரிசையை மாற்றக் கூடாது என்பது என் கருத்து. மேலே நின்று திசைகளை அறிந்துகொண்ட பிள்ளைதான் கீழே வந்ததும் "இது அங்கே பார்த்தது" என்று சொல்லும்.

கடப்பிதழ்களைச் சரிபார்த்தல், 31 பேருக்கும் மின்வருகை அட்டை நிரப்புதல் ஆகியவற்றைப் பற்றி எழுதினால் அதுவே தனிக் கட்டுரையாகிவிடும். அழைத்துச் செல்ல விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒன்றே சொல்வேன்: பெயரின் எழுத்துகளைக் கடப்பிதழில் உள்ளபடி மட்டும் எழுதுங்கள், பள்ளிப் பதிவேட்டை நம்பாதீர்கள்.

ஃபிளையரைச் சுற்றியுள்ள நிலம் கடலைத் தூர்த்து உருவாக்கியது. அருகிலுள்ள பீச் ரோட் என்னும் கடற்கரைச் சாலையில் இன்று கடற்கரை இல்லை. பெயர் மட்டுமே எஞ்சியிருக்கின்றது. இராட்டினம் 2008-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. உயரம் 165 மீட்டர். 2014-இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் இதைவிடச் சற்று உயரமான இராட்டினம் எழும் வரை உலகிலேயே உயரமானது இதுதான். சக்கரத்தின் விட்டம் 150 மீட்டர். 28 கூண்டுகள், ஒவ்வொரு கூண்டிலும் 28 பேர் வரை நிற்கலாம். சீனர்களுக்கு எட்டு என்னும் எண் மங்கலமானது என்பதை மாணவர்களே சொன்னார்கள். தொடக்கத்தில் சக்கரம் வேறு திசையில் சுழன்றதாம்; நகரத்தின் செல்வம் வெளியே போகின்றது என்று ஃபெங் சுயி வல்லுநர்கள் கூறவே, அதே ஆண்டில் சுழலும் திசையை மாற்றினார்கள். இதைக் கேட்டதும் ஒரு மாணவி, "நம்ம ஊர்ல வாஸ்து பார்க்குற மாதிரி" என்றாள். ஒப்பீடு சரியாகத்தான் இருந்தது.

ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ அரைமணி நேரம். வரிசையில் நின்றபோதே கணக்கைப் போட வைத்தேன். விட்டம் 150 மீட்டர் என்றால் சுற்றளவு ஏறத்தாழ 471 மீட்டர். அதை 30 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்திற்கு 16 மீட்டருக்கும் குறைவு. அதாவது நொடிக்குக் கால் மீட்டர் அளவுதான். "என் பாட்டி இதைவிட வேகமா நடப்பாங்க" என்றான் ஒருவன். அந்தக் கணக்கு வீண்போகவில்லை. உயரம் என்றால் அஞ்சி என் கையைப் பற்றிக்கொண்டிருந்த மாணவி, பாட்டியைவிட மெதுவாகப் போகும் ஒன்றைக் கண்டு அஞ்ச வேண்டாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏறினாள்.

கூண்டில் ஏறியபின் நான் எழுதி வைத்திருந்த குறிப்புகளைத் தொடங்கினேன். தெற்கே கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும் சிங்கப்பூர் நீரிணை. அருகே மரினா அணைக்கட்டு. அது 2008-இல் முடிக்கப்பட்டபின், கடலாக இருந்த இந்த விரிகுடா இன்று நன்னீர்த் தேக்கம் ஆகிவிட்டது. சிங்கை நிலப்பரப்பில் ஆறில் ஒரு பகுதியில் பெய்யும் மழைநீர் இங்கே வந்து சேர்கின்றது. இந்த இடத்தில் மாணவர்களை நிறுத்தினேன். காலையில் கடற்பாலத்தைக் கடந்தபோது பாலத்தை ஒட்டி நீண்டு கிடந்த பெருங்குழாய்களைக் காட்டியிருந்தேன். 1962-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை சிங்கப்பூர் நீர் எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒப்பந்தம் 2061-இல் முடிவடைகின்றது. "அப்போது உங்களுக்கு என்ன வயது?" என்று கேட்டேன். விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினார்கள். ஐம்பதை நெருங்கும் வயதில் தங்களைக் கற்பனை செய்வது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

அப்போதுதான் பாதுகாவலரின் மகன் கேட்டான்: "டீச்சர், எங்க அப்பா வேலை செய்யுற கட்டடம் எது?"

விரிகுடாவின் மறுகரையில் வங்கிகளும் அலுவலகங்களும் நெருக்கியடித்து நிற்கும் கோபுரங்கள். எனக்கு எப்படித் தெரியும்? "பெயர் தெரியுமா?" என்றேன். தெரியவில்லை. தந்தை எப்போதோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் கட்டடத்தின் உச்சியில் இருந்த எழுத்துகள் மட்டும் அவன் நினைவில் இருந்தன. கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு தேடினான். கூண்டு உச்சியை நெருங்கியபோது, "அதோ!" என்று கத்தினான். தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்ததுபோல் தெரிந்தது.

அதன்பின் என் குறிப்புத்தாளுக்கு வேலையில்லாமல் போயிற்று. விடுதியில் அறைகளைத் துப்புரவு செய்யும் தாயின் மகள், விடுதிகளை ஒவ்வொன்றாகக் காட்டி "இதுவா, இதுவா" என்று கேட்டாள். தந்தை பேருந்து ஓட்டுபவர் என்பதால் இன்னொருவன் கீழே சாலையில் ஊர்ந்த பேருந்துகளை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை. அவர் ஓட்டும் தடம் இந்தப் பக்கம் வராது என்று நண்பர்கள் சொல்லியும் அவன் கேட்கவில்லை. துவாஸ் பகுதியில் தொழிற்சாலையில் பணியாற்றும் ஒருவரின் மகள் மட்டும் அமைதியாக நின்றாள். அது மேற்குக் கோடியில் உள்ளது. அங்கிருந்து அதைக் கண்டுகொள்ள இயலாது. அவளுக்குத் திசையை மட்டும் காட்டினேன். அந்தத் திசையைப் பார்த்தபடியே கீழே இறங்கினாள்.

மாணவர்கள் தம்படம் எடுப்பதிலேயே அரைமணி நேரத்தைக் கழித்துவிடுவார்கள் என்று சக ஆசிரியர் ஒருவர் எச்சரித்திருந்தார். எங்கள் கூண்டில் அப்படி நடக்கவில்லை. மற்றொரு கூண்டில் நடந்ததாம்.

மதிய உணவைத் தேக்காவில் முடித்துக்கொண்டு கிளார்க் கீ படகுத்துறைக்குச் சென்றோம். சிங்கப்பூர் ஆறு மிகச் சிறியது. நீளம் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர்தான். நம் பகாங் ஆற்றையோ ஜொகூர் ஆற்றையோ பார்த்தவர்களுக்கு இது பெரிய வாய்க்கால் போலத்தான் தோன்றும். ஆனால், இந்தத் தீவின் வணிகம் முழுவதும் ஒரு காலத்தில் இதன் முகத்துவாரத்தில்தான் நடந்தது. பெருங்கப்பல்கள் கடலில் நிற்க, தொங்கான்கள் சரக்கை ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குள் வந்து கிடங்குகளில் இறக்கும். மலாய்மொழியின் 'தொங்காங்' என்னும் சொல்லே இங்குள்ள தமிழர் நாவில் தொங்கான் ஆயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் படகுத் தொழிலில் முன்னணியில் இருந்தவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்கள்; பின்னரே அது சீனர்கள் கைக்குச் சென்றது. படகின் முகப்பில் இரு கண்களை வரைந்திருப்பார்கள். வழியைப் படகே பார்த்துச் செல்லும் என்பது நம்பிக்கை. இன்று சுற்றுப்பயணிகளை ஏற்றிச் செல்லும் படகுகள் அதே வடிவத்தில் இருந்தாலும் மின்கலத்தால் இயங்குகின்றன. புகையும் இல்லை, பேரொலியும் இல்லை.

அந்தப் பழைய ஆற்றில் துர்நாற்றம் தாங்க முடியாது என்பார்கள். பன்றிப் பண்ணைகள், அங்காடிக் கடைகள், படகுகள் ஆகியவற்றின் கழிவு அனைத்தும் அதில்தான் சேர்ந்தது. 1977-இல் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ, பத்தாண்டுகளில் ஆற்றைத் தூய்மை செய்யுமாறு பணித்தார். 1983-இல் தொங்கான்கள் பாசீர் பாஞ்சாங்கிற்கு மாற்றப்பட்டன. 1987-இல் பணி முடிந்தது. ஆறு தூய்மையானது உண்மை. அதன் படகோட்டிகள் அதைவிட்டுப் போனதும் உண்மை. மாணவர்களிடம் இரண்டையுமே சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்வது வரலாற்றுப் பாடம் ஆகாது.

படகில் விளக்க ஒலிப்பதிவு ஆங்கிலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் என் தமிழ் எழ வேண்டியிருந்தது. பின்னால் அமர்ந்திருந்த சீன முதியவர் இருவர் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தனர். பிள்ளைகள் வெட்கப்பட்டார்கள், நான் நிறுத்தவில்லை.

நிறுத்தாததற்குக் காரணம் உண்டு. அந்த ஆற்றங்கரையில் நம்மவர் தடம் நிறைய இருக்கின்றது. சொல்லாவிட்டால் கண்ணில் படாது. போட் கீ கடைவரிசைக்குப் பின்னால் மார்க்கெட் ஸ்திரீட் என்னும் தெரு. அங்கேதான் நகரத்தார் கிட்டங்கி வைத்து வட்டித்தொழில் நடத்தினர். ஒரே கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியடி. தரையில் அமர்ந்து கணக்கு. இரவில் அங்கேயே உறக்கம். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்கள் பலவற்றுக்குக் கடன் கொடுத்தவர்கள் செட்டியார்கள். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நம் முன்னோருக்கும் இந்த ஆற்றங்கரைக்கும் கணக்குப் புத்தகத்தின் வழியே ஓர் உறவு இருந்தது. கரையில் இப்போது வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. ஓரிடத்தில் செட்டியாரும் இக்கால நிதித்துறையினரும். வேறோரிடத்தில் மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றும் கூலிகள். கேவனா பாலத்தருகே ஆற்றில் குதிக்கும் சிறுவர்கள். மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது எது என்று சொல்ல வேண்டியதில்லை. "இவனுங்க அம்மா பார்த்தா அடிப்பாங்க" என்றான் ஒருவன்.

கேவனா பாலம் 1869-இல் திறக்கப்பட்டது. இரும்புப் பகுதிகள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலிருந்து வந்தன. அவற்றைப் பொருத்தி நிறுத்தியது கைதிகளின் உழைப்பு. 1825 முதல் 1873 வரை சிங்கை, இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் குடியேற்றமாகவும் இருந்தது. புனித ஆண்ட்ரூ பேராலயத்தை எழுப்பியவர்களும் அவர்களே. அதன் சுவருக்குப் பூசியது 'மெட்ராஸ் சுண்ணாம்பு': சிப்பிச் சுண்ணாம்புடன் முட்டையின் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து இடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்த சாந்து. "முட்டையா? எத்தனை முட்டை?" என்று ஒரே கூச்சல். பாலத்தைத் தாண்டும்போது இன்னொன்றையும் சொன்னேன். ஆற்றின் முகத்துவாரத்தில் ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரத்தில் எழுத்துப் பொறித்த பாறை ஒன்று இருந்தது. 1843-இல் ஆங்கிலேயர் அதை வெடிவைத்துத் தகர்த்தனர். எஞ்சிய துண்டு ஒன்று தேசிய அரும்பொருளகத்தில் உள்ளது. அதன் எழுத்து இன்றுவரை முழுமையாக வாசிக்கப்படவில்லை. பாறையைத் தகர்த்தவர்மீது மாணவர்களுக்கு வந்த கோபம், பாடநூலில் எந்தப் பக்கத்தைப் படிக்கும்போதும் நான் கண்டதில்லை.

1819-இல் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸுடன் கப்பலில் வந்த நாராயண பிள்ளையைப் பற்றியும் கூறினேன். இங்கே செங்கல் சூளை வைத்தவர். ஆற்றங்கரையிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள மாரியம்மன் கோயிலை நிறுவியவர். 2019-இல் இருநூறாம் ஆண்டு நினைவாக, ராஃபிள்ஸ் சிலையருகே அவருக்கும் வேறு மூவருக்கும் சிலைகள் வைத்தார்கள். அவர் சிலை தற்காலிகமானது. ராஃபிள்ஸ் கைகளைக் கட்டிக்கொண்டு இன்னும் நிற்கின்றார்.

இவ்வளவும் சொல்லிக்கொண்டிருந்தபோது பாதுகாவலரின் மகன் என்னைக் கவனிக்கவில்லை. போட் கீயின் பழைய கடைவீடுகளுக்குப் பின்னால் அவன் தந்தையின் கட்டடம் வானத்தை மறைத்து எழுந்து நின்றது. மேலிருந்து தீப்பெட்டியாகத் தெரிந்தது, கீழிருந்து பார்க்கும்போது முடிவே இல்லாததுபோல் தோன்றியது. விரலை நீட்டி மாடிகளை எண்ணிக்கொண்டிருந்தான். தந்தை கரைக்கு வந்து கையசைப்பாரா என்று கேட்டான். பணி நேரத்தில் இடத்தைவிட்டு அகல முடியாது என்றேன். "தெரியும் டீச்சர், சும்மா கேட்டேன்" என்றான்.

மாலையில் கடற்பாலம். 1924-இல் திறக்கப்பட்ட இந்தப் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். அதைக் கடக்க எங்கள் பேருந்துக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. மழை தூறத் தொடங்கியது. பேருந்தை ஒட்டிய தடத்தில் மோட்டார் சைக்கிள்கள், நூற்றுக்கணக்கில், பிறகு ஆயிரக்கணக்கில். மழையங்கி, தலைக்கவசம், முதுகில் பை. பாட்டுப் பாடிக்கொண்டு வந்த பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராகச் சன்னல் பக்கம் வந்தனர். கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். தலைக்கவசத்திற்குள் இருப்பவர் யார் என்று எப்படித் தெரியும்? இருந்தும் பார்த்தார்கள். தந்தை உள்நாட்டிலேயே பணி செய்யும் பிள்ளைகளும் சேர்ந்து பார்த்தார்கள். "எங்க அப்பா பைக் நீலம்" என்றது ஒரு குரல். "எங்க அப்பா பைக்கும் நீலம்" என்றது இன்னொன்று.

மறுவாரம் 'நான் சென்ற சுற்றுலா' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். ஆசிரிய நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "ஆதவன் தன் பொற்கதிர்களைப் பரப்பினான்" என்று பதினாறு கட்டுரைகள் தொடங்கின. நாங்கள் புறப்பட்டபோது ஆதவன் எழவே இல்லை. காலை மணி 5.00. "மகிழ்ச்சிக் கடலில் மூழ்கினேன்" என்றவர்கள் ஒன்பது பேர். இதற்காகப் பிள்ளைகளை நான் குறைகூற மாட்டேன். மனனம் செய்த தொடருக்கு மதிப்பெண் கொடுத்துப் பழக்கியது நம் வகுப்பறைகள்தாம். விடுதி ஊழியரின் மகள் மட்டும், அம்மா ஒரு நாளைக்குப் பதினான்கு கட்டில்களுக்கு விரிப்பு மாற்றுவதாகவும், வீட்டுக் கட்டிலின் விரிப்பை இனிமேல் தானே மாற்றப் போவதாகவும் எழுதியிருந்தாள். பாதுகாவலரின் மகன் ஒரு பக்கம்கூட நிரப்பவில்லை. இராட்டினத்திலிருந்து பார்த்தபோது கட்டடம் எந்த அளவில் இருந்தது, படகிலிருந்து பார்த்தபோது எந்த அளவில் இருந்தது, அதற்கு 29 மாடிகள் உள்ளன, கண்ணாடியில் மேகம் தெரிந்தது என்று ஏழெட்டு வாக்கியங்கள். ஒற்றுப்பிழைகள் நிறைய. வகுப்பில் நான் உரக்கப் படித்துக் காட்டியது அந்தக் கட்டுரையைத்தான்.

தேர்ச்சி அறிக்கையில் கையொப்பமிட அவன் தந்தை தம் ஓய்வு நாளில் பள்ளிக்கு வந்தார். கட்டுரையைக் கொடுத்தேன். நின்றபடியே இருமுறை படித்தார்.

"டீச்சர், 29 இல்ல, 32 மாடி" என்றார். "படகுல இருந்து பார்த்தா முன்னால கடைவீடுங்க மறைச்சிருக்கும். கீழ மூணு மாடிய எண்ணாம விட்டுட்டான்." பிறகு சற்று நிறுத்தி, "நான் நிக்கிறது அந்தக் கீழ் மாடியிலதான்" என்றார்.

என் மேசையிலிருந்த சிவப்புப் பேனாவைக் கேட்டு வாங்கி, 29-ஐ அடித்துவிட்டு 32 என்று எழுதினார். பக்கத்தில் தம் கையொப்பத்தையும் இட்டார்.